பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்

போன புதன்கிழமை சேலத்தில் ஒரு காப்பி கிளப்பில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

மாட்டிவிட்டவர் அச்சாபீஸ் வைத்திருக்கும் நண்பர். இரண்டு காப்பிக்குச் சொல்லிவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஸார், யுத்த காலத்துல நீங்க எழுதினீங்களே 'ஏரோப்ளேன் பக்கம்', அதை அப்படியே புஸ்தகமாப் போட்டுடலாம். ஜனங்க இன்னும் மறக்கலை."

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் ஸார்? ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், அந்தச் சண்டை வீரர்கள்... என்னமா எழுதியிருந்தீங்க! நேர்ல பார்த்த மாதிரியே இருக்கும்."

அதுதான் வம்பே. நேரில் பார்த்த மாதிரி...

காரணம் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். ஆகவே காரணத்தை இங்கே சொல்கிறேன். அவரும் படிக்கட்டும், நீங்களும் படியுங்கள். படித்த பிறகு என்னைப் பற்றி உங்களுக்கு இருக்கும் அபிப்பிராயம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

வாராவாரம் என்னோடு பேசிக்கொண்டிருக்கும் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். யுத்தம் நடந்தபோது இந்தப் பத்தியில் நான் எழுதியது பஸ் பிரயாணத்தையும் பல்வலியையும் பற்றி அல்ல – போர் விமானங்களைப் பற்றி. எது என்ன வேகம், இறக்கையில் எத்தனை துப்பாக்கி, எந்த நாட்டு வீரன் எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினான்... எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஐந்து விமானங்களை வீழ்த்தினால் 'ஏஸ்' என்று பட்டம். சீட்டுக்கட்டில் இருக்கிறதே, அதே ஏஸ்தான். நானும் அந்த வீரர்களைச் சீட்டு மாதிரிதான் கலைத்துக் கலைத்துப் போட்டு ஆடிக்கொண்டிருந்தேன்.

எங்கிருந்து வந்தது இத்தனை ஞானம்?

நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் வீட்டுக்கு இங்கிலீஷ் பத்திரிகைகள் வரும். அவர் படித்து முடித்ததும் எனக்குத் தருவார். ஒரு கத்தரிக்கோல், ஒரு கோந்துப் புட்டி, ஒரு அகராதி – என் விமானப்படை மொத்தமே இவ்வளவுதான். நிஜ விமானம் ஒன்றை நான் தொட்டதுகூடக் கிடையாது. எப்போதாவது தலைக்கு மேலே ஒன்று போகும். எல்லோரையும்போல நானும் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். பிறகு உள்ளே போய் அதன் குதிரைசக்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவேன்.

பத்தி பிரபலமாயிற்று. யுத்தப் பிரசாரத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பிடித்தார்கள். ஒரு மாஜிக் லாந்தரும் முப்பது கண்ணாடிப் படங்களும் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், ராசிபுரம்... பட்டப்பகலில் பள்ளிக்கூட ஹாலின் ஜன்னல்களில் ஜமக்காளங்களைத் தொங்கவிட்டு இருட்டாக்குவோம். சுவரில் விமானம் தெரிந்ததும் கூட்டம் 'ஓ' என்று கத்தும். நான் பிரம்பால் தொட்டுத் தொட்டுக் காட்டுவேன்.

"ஏரோப்ளேன் ஐயா வந்துட்டாருங்க!" – ஊருக்குள் நுழைந்தால் இப்படித்தான் வரவேற்பு. எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. நடை மாறிவிட்டது. நாமக்கல் கடைத்தெருவிலேயே தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் சேந்தமங்கலம் போய் இறங்கினேன்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிய காலம். சட்டையெல்லாம் புகை வாடை. இறங்கியதும் என்னைச் சாப்பிட அழைத்துப் போனவர் செல்லப்பக் கவுண்டர். ஊருக்கு வெளியே தோட்டம், கிணறு, இரண்டு ஜோடி எருதுகள். ஒரே பையன் முத்துசாமி. நாமக்கல் ஹைஸ்கூலில் படித்துவிட்டு, அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு விமானப்படையில் சேர்ந்தவன். பர்மா எல்லைக்குப் போயிருந்தான். லீவில் வந்தபோது கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். மருமகள் பெயர் நல்லம்மா. அவன் அவளோடு இருந்தது சரியாகப் பதினெட்டு நாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காகிதம் வந்திருந்தது. 'காணவில்லை' என்று.

இலை போட்டுச் சோறு பரிமாறினார்கள். நான் பிசைந்துகொண்டிருக்கும்போது கவுண்டர் மெல்லக் கேட்டார்.

"ஏனுங்க சாமி, காணம்னா என்னங்க அர்த்தம்? ஆடு மாடு காணாமப் போனா நாலு பக்கம் ஆளை உட்டுத் தேடலாமுங்க. வானத்துல காணாமப் போனவனை எங்கீங்க போய்த் தேடறது?"

இதற்கு எனக்குப் பதில் தெரியுமா? தெரியாது. ஆனால் நான்தான் ஏரோப்ளேன் ஐயா ஆயிற்றே!

"கவலைப்படாதீங்க. காணவில்லைன்னா இறந்துட்டான்னு அர்த்தமில்லை" என்றேன். பாராசூட்டில் குதித்தவர்களின் கதையைச் சொன்னேன். காட்டில் விழுந்து, நாற்பது நாள் நடந்து, தன் படைக்கே திரும்பி வந்த வீரனின் கதையைச் சொன்னேன். ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்தால் கடிதம் வர நாளாகும் என்றேன். மோர் ஊற்ற வந்த நல்லம்மா அப்படியே கேட்டுக்கொண்டு நின்றாள். ஊற்றிக்கொண்டே நின்றாள். மோர் இலையைத் தாண்டி என் மடியில் வழிந்தபிறகுதான் இருவருக்குமே தெரிந்தது.

அந்தப் பெண்ணின் முகத்தில் அன்று வந்த வெளிச்சம் என்னால் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாப்பாடு முடிந்து பள்ளிக்கூடத்தில் படக்காட்சி. ஏகக் கூட்டம். முப்பது படத்தையும் காட்டி முடித்து, ஜமக்காளத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இன்னும் கலையவில்லை. அப்போது கவுண்டர் ஓர் இளைஞனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். காக்கி பேன்ட், வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். ஒரு காது சரியாகக் கேட்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது. அதற்காகவே படையிலிருந்து அனுப்பிவிட்டார்களாம்.

"சாமி, இந்தத் தம்பி பேரு ஞானப்பிரகாசமாமுங்க. சேலத்துலிருந்து வந்திருக்குது. எம் பையன்கூட ஒரே படையில இருந்துச்சாமா. என்னென்னமோ சொல்லுதுங்க..." கவுண்டரின் குரல் உடைந்தது. "நீங்களே கேட்டுப் பாருங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

கூட்டம் சுற்றி நின்றுகொண்டது. எல்லாக் கண்களும் என் மேல். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"எந்த விமானத்துல இருந்தீங்க?"

"வெஞ்சன்ஸ்ங்க."

நான் அந்தப் பெயரையே கேட்டதில்லை. வக்கீல் வீட்டுப் பத்திரிகைகளில் அது வந்ததில்லை. தெரியாத ஒன்றைக் கேட்டால் மனிதன் என்ன சொல்ல வேண்டும்? 'தெரியாது.' நாலே எழுத்து. அந்த நாலு எழுத்து எனக்கு வாயில் வரவில்லை.

"அப்படி ஒரு விமானமே கிடையாதே!" என்றேன்.

கூட்டத்தில் சலசலப்பு. ஞானப்பிரகாசம் பொறுமையாகச் சொன்னான்.

"அமெரிக்காவுல செஞ்சதுங்க. தலைகுப்புறப் பாய்ஞ்சு குண்டு போடும். ரெண்டே பேரு. முன்னால பைலட், பின்னால துப்பாக்கிக்கு ஒரு ஆள். நானும் முத்துசாமியும் துப்பாக்கிக்காரங்க. அன்னைக்கு நான் முதல் விமானத்துல, அவன் அடுத்ததுல. எங்க விமானம் குண்டைப் போட்டுட்டு மேல எழும்பிடுச்சுங்க. அவங்களது எழும்பலை. அப்படியே மரங்களுக்குள்ள..."

உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான். பிறகு, "யாரும் குதிக்கலைங்க. நான் பார்த்தேன்" என்றான்.

செல்லப்பக் கவுண்டர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அவர் வீட்டில் நான் என்ன சொல்லியிருந்தேன்? பாராசூட்... காடு... நாற்பது நாள்... இவன் சொல்வது சரியென்றால் நான் உளறினேன் என்று ஆகிவிடாதா?

"நீங்க முன்னால போனீங்க. அவன் பின்னால வந்தான். பின்னால வந்தவனை எப்படிப் பார்த்தீங்க? முதுகுல கண்ணா?"

ஹால் அதிரக் கூட்டம் சிரித்தது. அவனுக்குக் காதில் சரியாக விழவில்லை. தலையைச் சாய்த்து, "என்னங்க?" என்றான். நான் இன்னும் சத்தமாக அதையே சொன்னேன். இன்னும் பெரிய சிரிப்பு.

"நான் பின்பக்கம் பார்த்துத்தாங்க உட்காருவேன்" என்றான். "பைலட் முதுகுப் பக்கம் என் முதுகு இருக்கும்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். இதை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

அவன் அப்படிச் சொன்ன நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் முப்பது படங்களில் ஒன்று ஜெர்மன்காரனின் பாய்ந்து குண்டு போடும் விமானம். அதில் இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருப்பார்கள். அரைமணி நேரத்துக்கு முன்னால் அதே சுவரில், அதே பிரம்பால் அந்த இரண்டாவது ஆளைத் தொட்டுக் காட்டியிருந்தேன். பார்த்தவர்கள் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. இவன் சொல்வது சத்தியம் என்று அந்த ஹாலில் இரண்டு பேருக்குத் தெரியும். அவனுக்கும் எனக்கும்.

தெரிந்தும் நான் வாயைத் திறந்து சொன்னது இது:

"இந்தக் காலத்துல இப்படி நிறையப் பேர் கிளம்பியிருக்காங்க. முகாம் சமையல்கட்டுல உட்கார்ந்து நாலு பேச்சைக் கேட்டுக்க வேண்டியது. பையனைக் காணோம்னு தவிக்கிற வீடாப் பார்த்துப் போய்க் கதை சொல்லிச் சோறு தின்ன வேண்டியது."

அந்த வீட்டுச் சோறு இன்னும் என் வயிற்றில்தான் இருந்தது.

கவுண்டரின் துயரத்தைத் தள்ளிப்போடத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கவுண்டரை நான் நினைக்கவே இல்லை. என் பெயரைத்தான் நினைத்தேன்.

ஞானப்பிரகாசம் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. ஒரு மாதிரி ஆச்சரியம். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பினான்.

"நான் சாப்பிட வரலைங்க. ரெண்டு பேர்ல ஒருத்தன் போயிட்டா இன்னொருத்தன் வீட்டுல போய் நேர்ல சொல்லணும்னு பேசி வெச்சிருந்தோம். அதான் வந்தேன். வர்றேங்க."

மறுநாள் காலைதான் அடுத்த பஸ். அவன் நாமக்கல் ரோட்டில் நடந்தே போனான். நல்ல வெயில். யாரும் நிறுத்தவில்லை. எனக்கு மாலை போட்டார்கள். கொல்லிமலை வாழைப்பழம் ஒரு கூடை கட்டிக் கொடுத்தார் கவுண்டர். வாங்கிக்கொண்டேன். தின்றேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம்.

சந்தைக்கு நாமக்கல் வரும்போதெல்லாம் கவுண்டர் என் வீட்டுக்கு வருவார். "பேப்பர்ல ஏதாச்சும் வந்துதுங்களா சாமி?" நானும் ஏதாவது சொல்லி அனுப்புவேன். அவர்கள் வீட்டில் காரியம் எதுவும் செய்யவில்லை. நல்லம்மா பூ வைத்துக்கொண்டாள், பொட்டு வைத்துக்கொண்டாள். திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டுதல் வைத்து நடந்தே போய் வந்தாள். இடையில் ஒரு நாள் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் வெஞ்சன்ஸ் விமானத்தின் படம் வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேர், முதுகோடு முதுகாக. நான் அந்தப் பக்கத்தை வெட்டவில்லை. சத்தமில்லாமல் புரட்டிவிட்டேன்.

யுத்தம் முடிந்தது. ஜப்பான்காரனிடம் கைதியாக இருந்த நம் சிப்பாய்கள் கப்பலில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர் திரும்பினார்கள். கவுண்டர் என்னையும் அழைத்துக்கொண்டு சேலம் ஜங்ஷனுக்கு வந்துவிட்டார். மூன்று நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிளாட்பாரத்திலேயே நின்றோம். கக்கத்தில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். மகனுக்குப் புது வேஷ்டி.

எலும்பும் தோலுமாக இறங்கிய ஒவ்வொருவன் முகத்தையும் கிட்டே போய்ப் பார்த்தார். "எம் பையன் முத்துசாமியைப் பார்த்தீங்களா சாமி? நெத்தியில ஒரு தழும்பு இருக்குமுங்க." அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் கடைசி வண்டியும் போன பிறகு என்னிடம் சொன்னார்: "உங்க பேச்சை நம்பித்தான் சாமி நானும் அந்தப் புள்ளையும் உசுரைப் புடிச்சிட்டிருக்கோம். அடுத்த வாரமும் வந்து பாக்கலாமுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. அவரை நாமக்கல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் மட்டும் சேலத்தில் தங்கி, ஞானப்பிரகாசத்தைத் தேடிப் போனேன். என் வேலையை அவனைச் செய்யவைக்கலாம் என்று!

மாதா கோயில் பக்கம் விசாரித்ததும் கிடைத்துவிட்டான். பஸ் ஷெட் ஒன்றில் ஃபிட்டர். எஞ்சினுக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கையோடு எழுந்து வந்து என்னைப் பார்த்தான். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் காட்டிய படத்தைக்கூட மறைக்கவில்லை. தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டான். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றேங்க" என்றான்.

வந்தான். இருவரும் சேந்தமங்கலம் போனோம். கவுண்டர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்லம்மா கதவோரம் நின்றாள். ஞானப்பிரகாசம் கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அன்று சொன்னதையே சொன்னான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

கவுண்டர் கேட்டார்: "கடைசியா... எம் பையன் பயந்திருப்பானாங்க?"

"அவனும் பின்பக்கம் பார்த்துத்தாங்க உட்கார்ந்திருந்தான். தரை கிட்டத்துல வர்றது அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. வானத்தைத்தான் பார்த்துட்டிருந்திருப்பான்."

நல்லம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவனுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தலையில் பூ இல்லை.

பிறகு கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஏஞ்சாமி அப்படிச் சொன்னீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் ஞானப்பிரகாசம் முந்திக்கொண்டான்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லைங்க. இந்த விமானத்தைப் பத்தி அப்ப வெளியில யாருக்கும் தெரியாது. அவர் இடத்துல யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க."

யாரை நான் பொய்யன் என்று சொன்னேனோ, அந்த மனிதன் எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே பொய் அதுதான். எனக்காகச் சொன்னான். நான் தலையை ஆட்டி ஆமோதித்தேன்.

திரும்பும் வழியில், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அவனிடம் கேட்டேன்.

"அவருக்கு இன்னைக்கு ஒரு துக்கம் போதும்ங்க" என்றான்.

சில மாதத்தில் முத்துசாமி இறந்ததை உறுதிசெய்து சர்க்கார் கடிதமும் வந்துவிட்டது. நான் விமானங்களைப் பற்றி எழுதுவதை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று நீங்கள் எழுதிக் கேட்டீர்கள். யுத்தம் முடிந்துவிட்டதே என்று பதில் போட்டேன்... எவ்வளவு சௌகரியமான பதில்!

ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். யுத்தத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசுகிறவர்கள் அநேகமாக அங்கே போகாதவர்கள். யார் எத்தனை விமானத்தை வீழ்த்தினான் என்று கணக்கு வைப்பதெல்லாம் தரையில் பத்திரமாக இருக்கும் என்னைப்போன்ற ஆசாமிகள்தான். ஞானப்பிரகாசம் எத்தனை வீழ்த்தினான் என்று ஒரு முறை கேட்டேன். "ஒண்ணுகூட இல்லைங்க" என்றான். அவன் ஏஸ் அல்ல. என் பத்தியில் அவனுக்கு ஒரு வரிகூட இடம் கிடைத்திருக்காது.

காப்பி கிளப்பிலிருந்து எழுந்து வந்தேன் என்றேனே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சேந்தமங்கலம் போனேன். பத்திரிகையில் எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று.

சொன்னேன். தெரிந்தே செய்தேன் என்று சொன்னேன்.

நல்லம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "ஒண்ணரை வருசமுங்க" என்றாள். "வாசல்ல நாய் குரைச்சாக்கூட எந்திரிச்சு ஓடுவேன்." அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

கவுண்டர் என்னைப் பார்க்கவே இல்லை. நாமக்கல் ரோடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பி அன்னைக்கு அந்த வெயில்ல நடந்தே போச்சுங்களே" என்றார். "ஒரு சொம்புத் தண்ணி குடுக்காம உட்டுட்டமே நாம..."

'நாம' என்றார். பிறகு எழுந்து, எருதுகளை அவிழ்க்கக் கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால், திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.